போடிமெட்டு 17 வளைவு ஏறி ஏலமலைத் தமிழ்ப் பள்ளிக்கு நிதி: கணக்கு, பாதை, பயிற்சி – தெரிஞ்சவங்க சொல்லுங்க

#1 – சின்னமனூர்_சைக்கிள்

வணக்கம். போடி, தேனி, சின்னமனூர், கம்பம் சேர்த்து சைக்கிள் ஓட்டுற ஆளுங்க 45 பேர் வரைக்கும் தேறுவோம். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டப் பகுதியில ஒரு தமிழ் வழி எல்.பி. ஸ்கூல், அதாவது தொடக்கப் பள்ளி, இருக்கு. முழுக்கத் தோட்டத் தொழிலாளர் பிள்ளைங்க. அதுக்குப் பணம் திரட்ட ஒரு சவால் வைக்கலாம்னு இருக்கோம். போடியில இருந்து போடிமெட்டு வரை ஏறணும். தெரிஞ்சவங்க, கடைக்காரங்க எல்லாம் 'ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு'ன்னு ஒத்துக்கணும். மூணு பேர் மட்டும் எவரெஸ்ட்டிங் (ஒரே ஏத்தத்தைத் திரும்பத் திரும்ப ஏறி எவரெஸ்ட் உயரம் சேர்க்கிறது) பண்றதாவும் பேச்சு இருக்கு.

பணத்தை என் கூகுள்பே நம்பருக்கே வாங்கி மொத்தமா பள்ளியில கொடுத்துடலாம்னு யோசனை. வகுப்பறை ஒண்ணு கட்டிக் கொடுத்தா நல்லா இருக்கும்னு சிலர் சொல்றாங்க. தேதி டிசம்பர் கடைசி லீவுல. இதுல எது சரி, எது சரிப்படாது? கூச்சப்படாம சொல்லுங்க.

#2 – வரவு_செலவு (தேனி)

முதல்ல கூகுள்பே. அது வேண்டாம் தம்பி. உறவினர் அல்லாதவங்ககிட்ட இருந்து ஒரு நிதியாண்டுல 50,000 ரூபாய்க்கு மேல சும்மா வந்த பணம் உங்க வருமானமாத்தான் பார்க்கப்படும். 50,000 தாண்டின மிச்சத்துக்கு மட்டும் வரின்னு பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல, தாண்டிட்டா முழுத் தொகையும் உள்ளே வரும். பள்ளிக்குக் கொடுத்துட்டேன்னு ரசீது காட்டினாலும் உங்க பேர்ல வரவு நிக்கும். அது போக, ஒரே நம்பர்ல உங்க வீட்டுப் பால் பாக்கியும் நன்கொடையும் கலந்துட்டா, ஆறு மாசம் கழிச்சு ஒருத்தர் கணக்குக் கேட்டா உங்களால பதில் சொல்ல முடியாது.

80ஜி பதிவு (நன்கொடை கொடுத்தவருக்கு வரிக்கழிவு கிடைக்க வைக்கிற வருமானவரிப் பதிவு) உள்ள டிரஸ்ட் ஒண்ணைப் பிடிங்க. பிடிக்கறதுக்கு முன்னாடி அதோட பத்திரத்தை வாங்கி ரெண்டு வரி படிங்க. நோக்கத்துல கல்வி இருக்கணும். செயல்படும் எல்லை 'தேனி மாவட்டம்' அல்லது 'தமிழ்நாடு'ன்னு போட்டிருந்தா இடுக்கியில இருக்கிற பள்ளிக்குச் செலவழிக்க முடியாது. இந்தியா முழுக்கன்னு இருக்கிற பத்திரம்தான் உங்களுக்கு ஆகும். எல்லை ஊர்கள்ல இந்த இடத்துலதான் பாதிப் பேர் சிக்குறாங்க.

ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல கொடுத்தா கொடுத்தவருக்கு வரிக்கழிவு கிடையாது. பேர், முகவரி, பான் எண் மூணும் அன்னிக்கே வாங்கிடுங்க. நிதியாண்டு முடிஞ்சு மே 31க்குள்ள டிரஸ்ட் அந்தப் பட்டியலை வருமானவரித் துறைக்கு ஏத்தினாத்தான் சான்று வரும். புது வரி முறைக்குப் போனவங்களுக்கு இந்தக் கழிவே இல்ல. அவங்ககிட்ட '50 சதவீதம் திரும்பக் கிடைக்கும்'னு சொல்லி வாங்கிட்டுப் பின்னால பேச்சு வாங்காதீங்க. கழிவுன்னா வரிக்குரிய வருமானத்துல கழியறது, கையில திரும்பி வர்ற பணம் இல்ல.

கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு வாங்குறது கேட்க நல்லா இருக்கும், வசூல் பண்றது பெரும்பாடு. ஏறி முடிஞ்சு மறுநாள் போன் அடிச்சா 'அடுத்த வாரம்' ஆரம்பிக்கும். '26 கி.மீ., கிலோமீட்டருக்கு 10 ரூபா, மொத்தம் 260'ன்னு கணக்குப் போட்டு முன்னாடியே டிரஸ்ட் கணக்குக்கு வாங்கிடுங்க. பாதியில இறங்கினா மிச்சம் திருப்பித் தரவான்னு ஒருத்தரும் கேட்க மாட்டாங்க.

#3 – ஏலமலை_டீச்சர்

சின்னமனூர் தம்பிக்கு: நல்ல காரியம். ஆனால் வகுப்பறை கட்டுகிற யோசனையை இன்றைக்கே மூட்டை கட்டி வையுங்கள். உடும்பன்சோலைப் பக்கம் ஏலமலைக் காட்டு நிலத்தில் கட்டட அனுமதி என்பது வருடக்கணக்கில் இழுக்கிற விவகாரம். பள்ளி நிலம் அரசுடையதா, எஸ்டேட்டுடையதா, மானேஜ்மென்டுடையதா என்று பார்த்துத்தான் எதுவும் செய்ய முடியும். பணம் வங்கியில் கிடக்கும், கொடுத்தவர்கள் உங்களைக் கேட்பார்கள்.

பள்ளி அரசுப் பள்ளியா, எய்டட் (அரசு உதவி பெறும் தனியார்) பள்ளியா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எய்டட் என்றால் சம்பளம் அரசு தரும், கட்டடம் மானேஜர் பொறுப்பு. அங்கே உங்கள் பணத்தில் சுவர் கட்டினால் அது தனியார் சொத்தைத்தான் கூட்டும். பிள்ளைக்கு நேரே போகிற பொருளாக, சேவையாகக் கொடுங்கள்.

ஏற்கெனவே என்ன வருகிறது என்று தெரிந்தால்தான் எது வரவில்லை என்று தெரியும். மதிய உணவு அரசுத் திட்டத்தில் வருகிறது, அதைத் தொட வேண்டாம். சமக்ர சிக்ஷா என்ற அரசுப் பள்ளிக்கல்வித் திட்டத்தின் மானியம் பிள்ளைகள் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 பேர் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000. சாக்பீஸ், கரண்ட் பில், குழாய் ரிப்பேர், கழிவறை சுத்தம் எல்லாம் அதற்குள்தான். சின்னப் பள்ளிகளின் கழுத்தை நெரிப்பது இந்த அளவுகோல்தான். 28 பிள்ளைகள் இருந்தாலும் மழையில் ஓடு உடைந்தால் உடைந்ததுதான்.

பாடப்புத்தகம் வாங்கி அனுப்பாதீர்கள். தமிழ்நாட்டுச் சமச்சீர் புத்தகம் இங்கே நடத்த முடியாது. கேரளப் பாடத்திட்டத்தின் தமிழ்ப் பதிப்பைக் கேரள அரசே அச்சிட்டுத் தருகிறது. கம்பத்திலிருந்து கட்டுக் கட்டாக வந்து சேரும் பழைய சமச்சீர் புத்தகம் அலமாரியில் கரையானுக்குத்தான் தீனி. கதைப்புத்தகம் வேறு விஷயம். பெரிய எழுத்து, பக்கத்துக்கு ரெண்டு மூன்று வரி, படத்தோடு. அது எவ்வளவு வந்தாலும் தீராது.

கறுப்பு ஷூ, சாக்ஸும் வேண்டாம். ஜூன் ஒன்றாம் தேதி பள்ளி திறக்கும்போதே மழை பிடிக்கும். தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் நடந்து வருகிற பிள்ளையின் ஷூ ஒரு முறை நனைந்தால் ரெண்டு நாள் காயாது. அட்டைப்பூச்சி சாக்ஸுக்குள்ளே ஏறிக்கொள்ளும், வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் ரத்தம் தெரியும். பின்பட்டை வைத்த ரப்பர் செருப்பு, முழங்காலுக்குக் கீழே இறங்குகிற ரெயின்கோட், ஒரு ஸ்வெட்டர். இந்த மூன்றும் ஆளுக்கு ஒன்று என்றால் வருகைப் பதிவேட்டில் ஜூலை மாதம் வித்தியாசம் தெரியும். அளவை மே மாதத்தில் எடுக்காதீர்கள். லீவில் பாதிப் பேர் சொந்த ஊருக்குக் கீழே இறங்கியிருப்பார்கள். மார்ச்சிலேயே எடுத்து, ஒரு அளவு கூட்டி வாங்குங்கள்.

இதையெல்லாம் விடப் பெரியது ஜீப். லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) பள்ளி நாலைந்து கிலோமீட்டர் என்றால், மழை நாளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை அம்மா அனுப்ப மாட்டார். தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலை நாள். ஜீப்புக்குக் காலையும் மாலையும் சேர்த்து நாளைக்கு 700 ரூபாய் என்று பேசினால் 1,40,000. ரெண்டு ஜீப் என்றால் 2,80,000. உங்கள் இலக்குத் தொகையை இப்படித் தேவையிலிருந்து கட்டுங்கள். அதற்கு முன் பி.ஆர்.சி.யில் (வட்டார வள மையம்) ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். பள்ளி தூரமாக உள்ள குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பயணச் செலவாக ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை சமக்ர சிக்ஷாவிலேயே இடம் உண்டு. சில பிள்ளைகளுக்கு அது கிடைத்தால் மிச்சத்தை மட்டும் நீங்கள் பார்த்தால் போதும்.

#4 – சும்மா_கேக்கறேன்

ஒரு சந்தேகம். மலை ஏறினாத்தான் பணம் குடுப்பாங்களா? 45 பேர் ஆளுக்கு 5,000 போட்டா 2,25,000 ஆச்சு. டீ-ஷர்ட், பேனர், வண்டி வாடகைன்னு இதுல பாதி கரைஞ்சிடும். ஏத்தம் யாருக்கு, பள்ளிக்கா செல்ஃபிக்கா?

#5 – வரவு_செலவு (தேனி)

நியாயமான கேள்வி. ஆனா 5,000 போடுறவர் ஒரு தடவைதான் போடுவார். 20 பேர்கிட்ட ஆளுக்கு 250 வாங்கினா அதே 5,000 வரும், கூடவே அந்தப் பள்ளிக்கு 20 பேர் தெரிஞ்சவங்க ஆவாங்க. அடுத்த வருஷம் ஜீப்புக்காரருக்குக் காசு கொடுக்கப்போறது அவங்கதான்.

செலவு பத்திச் சொன்னது சரி. நன்கொடையில இருந்து ஒரு பைசா நிகழ்ச்சிக்கு எடுக்கக் கூடாது. டீ-ஷர்ட், தண்ணி, வண்டி எல்லாத்துக்கும் தனியா ஸ்பான்சர். போடியிலயும் புத்தடியிலயும் ஸ்பைசஸ் போர்டு மின்னேல மையம் (ஏலக்காயைக் கம்ப்யூட்டர்ல ஏலம் விடுற இடம்) இருக்கு. ஏலம் நடக்கிற நாள்ல வியாபாரிகள் எல்லாரும் ஒரே இடத்துல இருப்பாங்க. ஏலம் முடிஞ்சு டீ குடிக்க வர்ற நேரம் பார்த்துப் போங்க, நடுவுல போய் நிக்காதீங்க. ஏலக்காயாவே தர்றேன்னு சொன்னா வாங்காதீங்க. தரம் பிரிக்கணும், விக்கணும், பில் போடணும், அது தனி வேலை.

#6 – முந்தல்_ஏத்தம்

பணத்தைப் பெரியவங்க பார்த்துக்கிட்டாங்க. நான் ரோட்டுக்கு வர்றேன்.

டிசம்பர் கூடவே கூடாது. கார்த்திகை ஒண்ணுல இருந்து மகரவிளக்கு முடியற வரைக்கும் சபரிமலை வண்டி. கூட்டம் ஏறினதும் போலீஸ் கம்பம்மெட்டு வழியா ஏத்தி குமுளி வழியா இறக்குற மாதிரி ஒருவழி ஆக்கிடுவாங்க. அதுல இருந்து தப்பிக்கிற கார்ங்க போடிமெட்டுப் பக்கம் திரும்பும். பாதுகாப்புக்கு உங்களுக்கு ஒரு போலீஸ்காரர்கூடக் கிடைக்க மாட்டார். அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழையில மண் சரியும். மார்ச் வந்தா காட்டுத்தீ. 2018 மார்ச் 11 குரங்கணித் தீயை இந்தப் பக்கத்துல யாரும் மறக்கல. அதனால 'சும்மா ஒரு குறுக்குப் பாதை'ன்னு ரோட்டை விட்டு யாரையும் காட்டுக்குள்ள இறக்காதீங்க. தென்மேற்கு மழை ஜூன்ல. மிச்சம் இருக்கிறது ஜனவரி கடைசி ஞாயிறு, பிப்ரவரி முதல் ரெண்டு ஞாயிறு. தைப்பூசம் அதுல எங்க விழுதுன்னு பார்த்துக்குங்க, பழனி பாதயாத்திரை ஓடுற வாரம் வேண்டாம்.

ஞாயிறுதான் ஏன்னா தோட்ட ஜீப். வேலை நாள்ல விடிகாலையில இருந்து போடிப் பக்கத்து ஊர்கள்ல ஆள் ஏத்திக்கிட்டு மலை ஏறுவாங்க, சாயங்காலம் அதே வேகத்துல இறங்குவாங்க. ட்ரிப் கணக்குல ஓடுற வண்டி, வளைவுல உங்களுக்காக மிதிக்க மாட்டான். ஞாயித்துக்கிழமை அது குறையும், நிக்காது.

பாதை: போடியில இருந்து போடிமெட்டு 26 கி.மீ. முந்தல் வரைக்கும் சமதளம் மாதிரிதான். அங்கதான் ஆளுங்க வேகம் காட்டி காலைக் காலி பண்ணிக்குவாங்க. முந்தல் செக்போஸ்ட்டுக்கு அப்புறம் ஏறக்குறைய 20 கி.மீ.ல 1,000 மீட்டர் ஏத்தம், அதாவது சராசரி 5 சதவீதம். கொண்டை ஊசி வளைவு 17. வளைவுல உள்பக்கம் ஒட்டினா செங்குத்தா இருக்கும், வெளிப்பக்கம் ஒட்டினா சரிவு குறையும், ஆனா எதிர்ல இறங்குற லாரி அந்த அகலத்தைத்தான் எடுக்கும். சைக்கிள்காரன் தன் இடப்பக்கத்தை விடக் கூடாது. வலப்பக்கம் திரும்புற வளைவுல உள்ளே வெட்டிப் போறவன் லாரிக்கு நேரா போறான்.

அஞ்சஞ்சு பேரா, ரெண்டு ரெண்டு நிமிஷ இடைவெளியில விடுங்க. 45 பேரையும் ஒண்ணா விட்டா மூணாவது வளைவுக்குள்ள பின்னால பஸ் வரிசை நிக்கும், ஹாரன் அடிச்சே உயிரை எடுப்பாங்க. இது தேசிய நெடுஞ்சாலை 85, ரோட்டை மூடவும் விட மாட்டாங்க. காலை 6 மணிக்குக் கிளம்பினா கடைசி ஆள் 9:30க்குள்ள மேல இருக்கணும். 9:30க்கு வழியில இருக்கிறவரைப் பின்வண்டி ஏத்திக்கும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க.

முடிவுக்கோடு எல்லைக்கு இந்தப் பக்கமே, செக்போஸ்ட்டுக்கு முன்னாடி. நூறு மீட்டர் தாண்டினாலும் கேரளப் போலீஸ் அனுமதி தனி, இங்க தேனி மாவட்டப் போலீஸ் அனுமதி தனி. பள்ளி வரைக்கும் சைக்கிள்லயே போகலாம்னு யாராவது ஆசைப்படுவாங்க. பூப்பாறை, சின்னக்கானல் சுற்றுவட்டாரம் யானை நடமாட்டம். 2023ல சின்னக்கானல்ல பிடிச்சு பெரியாறுல விட்ட அரிக்கொம்பன் யானை ஒரு மாசத்துல கம்பம் தெருவுக்கே வந்துச்சு. நாலு பேர் மட்டும் இன்னொரு நாள் காருல போய்ப் பொருளைக் கொடுத்தாப் போதும்.

#7 – சின்னமனூர்_சைக்கிள்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். தேதி பிப்ரவரிக்கு மாத்திக்கிறோம். எவரெஸ்ட்டிங் பத்தி யாரும் சொல்லலையே? அப்புறம் எங்க 45 பேர்ல பத்துப் பன்னெண்டு பேர்கிட்ட கியர் இல்லாத வண்டிதான். அவங்களைச் சேர்க்கலாமா?

#8 – முந்தல்_ஏத்தம்

எவரெஸ்ட்டிங்னா ஒரே ஏத்தத்தை, தூங்காம, ஒரே மூச்சுல திரும்பத் திரும்ப ஏறி 8,848 மீட்டர் சேர்க்கணும். முந்தல்ல இருந்து ஒரு ஏத்தம் 1,000ன்னா 9 தடவை. ஏறி இறங்க 40 கி.மீ., ஆக 360 கி.மீ. அதுலயும் பாதி இறக்கம், ராத்திரி இருட்டுல, 17 வளைவுல. இதுக்குத் தோதான ஏத்தம் 8–10 சதவீதத்துல குட்டையா, வண்டி கம்மியா இருக்கணும். போடிமெட்டு நீளம், அகலம் கம்மி, லாரி அதிகம். வேண்டாம்.

அதையே இப்படித் திருப்புங்க: 9 பேர் ஆளுக்கு ஒரு ஏத்தம் ஏறினா கூட்டா ஒரு எவரெஸ்ட். 45 பேர் ஏறினா அஞ்சு எவரெஸ்ட். அதிகாரப்பூர்வக் கணக்குல இது வராது, யாருக்கும் சான்றிதழ் வராது. ஆனா '9 பேர் குழுவா சேருங்க, உங்க எவரெஸ்ட்டை யார் வாங்குறாங்க'ன்னு கடைத்தெருவுல கேட்கலாம். ஒரு மெடிக்கல் ஷாப், ஒரு ஜவுளிக்கடை, ஒரு ஸ்கூல் பழைய மாணவர் குரூப்புன்னு அஞ்சும் போயிடும்.

கியர் இல்லாத வண்டிக்குக் கணக்கு சொல்றேன். 5 சதவீத ஏத்தத்துல சாதாரண ஆள் மணிக்கு 8 கி.மீ. போவார். நிமிஷத்துக்கு 133 மீட்டர். சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர்னா நிமிஷத்துக்கு 63 சுத்து. முன்னாடி 28 பல், பின்னாடி 28 பல் போட்டா பெடலும் 63 சுத்து, முட்டிக்கு இதம். சாதா வண்டியில முன்னாடி 44, பின்னாடி 18. பெடல் நிமிஷத்துக்கு 26 தடவைதான் சுத்தும், ஒவ்வொரு மிதிக்கும் எந்திரிச்சு நிக்கணும். ரெண்டாவது வளைவுலயே முட்டி போயிடும். அவங்க முந்தல் வரைக்கும் ஓட்டட்டும், இல்லைன்னா நடைக்கு மாறட்டும். ரோடு பைக்காரங்க பின்சக்கரத்துல பெரிய பல் 32 இருக்கான்னு பார்க்கணும். 25 போட்டு ஏறுறேன்னு வீம்பு பிடிக்கிறவங்க எட்டாவது வளைவுல தள்ளிக்கிட்டுத்தான் வருவாங்க.

பயிற்சிக்குப் பத்து வாரம் ஒதுக்குங்க. நம்ம பள்ளத்தாக்குல எல்லாரும் சமதளம் ஓட்டிப் பழகினவங்க, 60 கி.மீ. ஓட்டுறவருக்கும் ரெண்டரை மணி நேரம் விடாம ஏறுறது புதுசு. முதல் மூணு வாரம் வாரத்துல மூணு நாள், 45 நிமிஷம், பக்கத்துல வர்றவரோட முழு வாக்கியமா பேசிக்கிட்டே ஓட்டுற வேகம். நாலாவது வாரத்துல இருந்து ஒரு நாளை ஏத்தத்துக்கு வைங்க. லோயர்கேம்ப்–குமுளி ரோடு இதுல பாதி உயரம்கூட இல்ல, அதான் பழக நல்லது. அஞ்சு நிமிஷம் ஏறி, திரும்பி, அப்படி நாலு தடவை. எட்டாவது வாரம் முந்தல்ல இருந்து எட்டாவது வளைவு வரை, ஒன்பதாவது வாரம் முழுசும். கடைசி வாரம் பாதியாக் குறைங்க. அந்த வாரத்துல பயம் வந்து கூடுதலா ஓட்டுறவங்கதான் அன்னிக்குக் கால் பிடிச்சு நிப்பாங்க.

#9 – ஸ்போக்_கடை

ஏத்தத்தைப் பத்தியே பேசுறீங்க. ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புறது இறக்கம். ஆளும் வண்டியும் 80 கிலோன்னா 1,000 மீட்டர் இறங்கறப்போ அத்தனை சக்தியும் பிரேக்லதான் சூடா வெளிய வரணும். ரிம் பிரேக்கை அமுக்கினபடியே வந்தா ரிம் கொதிச்சு, உள்ள ட்யூப் வெடிக்கும். வெடிக்கிறது அனேகமா முன்சக்கரம். டிஸ்க் பிரேக்குன்னாலும் மலிவு வண்டிகள்ல வர்ற கேபிள் டிஸ்க்குல பேட் தேய்ஞ்சு லீவர் கைப்பிடியைத் தொட்டுடும்.

அதனால இறக்கம் சவால்லயே இல்லைன்னு எழுதிப் போடுங்க. மேல டாட்டா ஏஸ் நிக்கணும். ஒரு வண்டியில 10–12 சைக்கிள் நிக்க வைக்கலாம், ஒண்ணு முன்னாடி பார்த்து ஒண்ணு பின்னாடி பார்த்து, நடுவுல பழைய சாக்கு. செயினும் கியர் மாத்தியும் இருக்கிற வலப்புறம் எதுவும் இடிக்காம வைங்க, இல்லைன்னா கியர் மாத்தியைத் தாங்குற காது வளைஞ்சு போய் மறுநாள் எங்கிட்ட வருவாங்க. 45க்கு நாலு வண்டி. ஆளுங்க பஸ்லயோ வேன்லயோ இறங்கட்டும்.

முதல் நாள் சாயங்காலம் எல்லா வண்டியையும் ஒரு இடத்துல பார்த்துடுங்க: பிரேக் பேட்ல கோடு தெரியுதா, ஹெட்செட் (ஹேண்டில் திரும்புற இடத்து பேரிங்) ஆடுதா, பின்சக்கரத்துல ஸ்போக் தளர்ந்திருக்கா, டயர் பக்கச்சுவர்ல வெடிப்பு இருக்கா. செயின்ல புழுதி ஒட்டின பழைய எண்ணெய் மேல புது எண்ணெய் ஊத்தாதீங்க, துடைச்சிட்டு ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு. பின்வண்டியில 26, 27.5, 29, 700 நாலு அளவு ட்யூபும் இருக்கணும். எல்லாரும் 26 மட்டும் வாங்கி வெச்சுட்டு நிப்பாங்க.

#10 – நடராஜா_சர்வீஸ்

சைக்கிள் இல்லாதவங்களை ஏன் விடுறீங்க? பணம் எண்ணிக்கையிலதான் சேரும். நம்ம வீட்டுப் பொம்பளைங்க, ரிட்டயர்டு ஆளுங்க எல்லாம் நடைக்குத் தயாரா இருக்காங்க. பிப்ரவரி முழுக்க 28 நாள் நடைச் சவால் ஒண்ணு சேர்த்து ஓட்டுங்க.

அடிக்கணக்கு மட்டும் வேண்டாம். செல்போனை ஊஞ்சல்ல கட்டி ஆட்டினாலும் 10,000 காட்டும், பைக்ல குலுங்கினாலும் கொஞ்சம் ஏறும். நிமிஷக்கணக்கு வைங்க: நாளைக்கு 40 நிமிஷம், ஒரு குழுவுல அஞ்சு பேர், யார் நடந்தாங்கன்னு குழுத்தலைவி வாட்ஸாப்பில் ஒரு டிக். ஏமாத்தணும்னா அஞ்சு பேரும் சேர்ந்து ஏமாத்தணும். வாரத்துல ரெண்டு நாள் தவறினாலும் சவால் முறியாதுன்னு விதி போடுங்க. 28க்கு 28 கேட்டா நாலாவது நாள் காய்ச்சல் வந்தவங்க அப்படியே விலகிடுவாங்க, அவங்களுக்குக் காசு தர்றேன்னவங்களும் விலகிடுவாங்க.

சைக்கிள் பக்கமும் ஆப் பதிவை மட்டும் நம்பாதீங்க. கொண்டை வளைவுல ஜி.பி.எஸ். குறுக்கே வெட்டிக் கோடு போடும், மலைச்சரிவுல சிக்னல் துள்ளும், ஏறின உயரம் போனுக்குப் போன் மாறும். பேட்டரி சேமிப்பு ஆன்ல இருந்தா பாதியில பதிவே நின்னுடும். ஒரு அட்டை, கீழ இருந்து எண்ணி 5, 11, 17ஆம் வளைவுல ஒரு ஆள், கையில ரப்பர் ஸ்டாம்ப். போதும்.

#11 – வார்டு_சிஸ்டர்

தண்ணீர்க் கணக்கு யாரும் போடவில்லை. மணிக்கு ஒருவருக்கு அரை முதல் முக்கால் லிட்டர். 45 பேர், 3 மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட 100 லிட்டர். 20 லிட்டர் கேன் ஆறு எடுங்கள். மூன்று ஸ்டாம்ப் இடத்திலும் ரெண்டு ரெண்டு. அதில் ஒன்று வெறும் தண்ணீர், ஒன்று ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்). பொட்டலத்தில் '1 லிட்டருக்கு' என்று இருந்தால் 1 லிட்டர்தான். எடை 20.5 கிராம் இருக்கும். கால் லிட்டரில் கரைத்துக் குடித்தால் வயிறு பிரட்டும், தாகம் கூடும். எதிர்த் தவறும் உண்டு: பயந்து லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் மட்டும் குடிப்பவருக்கு ரத்தத்தில் உப்பு இறங்கி, தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். பார்ப்பதற்கு நீர்வறட்சி போலவே இருக்கும், மறுபடி தண்ணீர் கொடுத்தால் மோசமாகும். பேப்பர் கப்பும் வேண்டாம், பிளாஸ்டிக் பூச்சு உள்ள கப் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை. அவரவர் பாட்டில்.

சாப்பாடு: கிளம்புவதற்கு ரெண்டு மணி நேரம் முன் இட்லி, எண்ணெய் கம்மியாக. ஏறும்போது அரை மணிக்கு ஒருமுறை அரை வாழைப்பழமோ ஒரு கடலைமிட்டாயோ. பசித்த பிறகு சாப்பிட்டால் அது காலுக்குப் போய்ச் சேர நேரமாகும்.

40 வயது தாண்டியவர்கள், பி.பி., சர்க்கரை உள்ளவர்கள் ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பார்க்கட்டும். இன்சுலின் போடுபவர் அன்றைய அளவை டாக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. பையில் குளுக்கோஸ். காலையில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுவதைக் கண்டிப்பாகத் தடுங்கள். உடம்பில் நீர் குறைந்த நேரத்தில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் என்றால் 'கேஸ்' என்று சோடா வாங்கிக் கொடுக்காமல் அப்படியே உட்கார வைத்து 108. போடி அரசு ஆஸ்பத்திரி, அங்கிருந்து கானாவிலக்கு மெடிக்கல் காலேஜ். மேலிருந்து கீழே இறங்குவதுதான் வழி, இடுக்கிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பின்வண்டி டிரைவருக்கு இது எழுதிய தாள் கையில் இருக்கட்டும்.

மேலே பனி இருக்கும். வேர்வையில் நனைந்த சட்டையோடு திறந்த வண்டியில் இறங்கினால் நடுக்கம் பிடிக்கும். காய்ந்த சட்டை ஒன்று பையில்.

#12 – சின்னமனூர்_சைக்கிள்

எல்லாம் குறிச்சுக்கிட்டேன் சிஸ்டர். எங்க குரூப்ல புதுசா ரெண்டு யோசனை வந்திருக்கு. ஒண்ணு, 100 ரூபா கூப்பன் போட்டு குலுக்கல்ல ஒரு சைக்கிள் பரிசு. ரெண்டு, துபாய்லயும் மலேசியாவுலயும் இருக்கிற நம்ம ஊர்க்காரங்ககிட்டக் கேக்கறது.

#13 – வரவு_செலவு (தேனி)

குலுக்கல் வேண்டவே வேண்டாம். காசு வாங்கிச் சீட்டுக் கொடுத்து அதிர்ஷ்டத்துல பரிசுன்னா அது லாட்டரி. தமிழ்நாட்டுல 2003ல இருந்து தடை. மேல கேரளாவுல லாட்டரி விக்குதேன்னு கேட்பீங்க, அது அந்த அரசு நடத்துறது, நீங்களும் நானும் நடத்த முடியாது. சைக்கிள் பரிசா வந்தா அதிகம் பேர்கிட்ட நன்கொடை சேர்த்தவருக்குக் கொடுங்க, அதுல சட்டச் சிக்கல் இல்ல.

வெளிநாட்டுப் பணத்துல ஒரே கேள்வி: அனுப்புறவர் கையில எந்தப் பாஸ்போர்ட்? இந்தியப் பாஸ்போர்ட் வெச்சிருக்கிறவர் தன் சம்பாத்தியத்துல இருந்து பேங்க் வழியா அனுப்பினா அது அயல்நாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒண்ணு வாங்கி வெச்சுக்குங்க. மலேசியக் குடியுரிமை, சிங்கப்பூர் குடியுரிமை, ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளியினருக்கு), இவங்க எல்லாம் சட்டப்படி வெளிநாட்டவர். எஃப்.சி.ஆர்.ஏ. (அயல்நாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாத டிரஸ்ட் அவங்க பணத்தைத் தொடக் கூடாது. பெயரைப் பார்த்து 'நம்ம ஆளுதானே'ன்னு வாங்கிட்டா டிரஸ்ட்டுக்கே வினை. அவங்க இங்க இருக்கிற அண்ணன் தம்பி கணக்குக்கு அனுப்பி, அங்க இருந்து டிரஸ்ட்டுக்கு வர வைக்கிறதும் அதே தப்புதான்.

பள்ளிக்குப் பணமாக் கொடுக்காதீங்க. ரெயின்கோட், செருப்பு, ஸ்வெட்டர் எல்லாம் டிரஸ்ட் பேர்ல பில். பள்ளி ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்தின பக்கத்தோட நகல், ஹெட்மாஸ்டர் கையெழுத்து, பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) தலைவர் கையெழுத்து. ஜீப்புக்கு மாசா மாசம் டிரைவர் கணக்குக்கு டிரஸ்ட்ல இருந்து நேரா. எத்தனை நாள் ஓடுச்சுன்னு டீச்சர் கையெழுத்துப் போட்ட தாள் வந்த பிறகுதான் பணம். நீங்க பிப்ரவரியில வசூல் பண்ணுவீங்க, செலவு ஜூன்ல ஆரம்பிக்கும். நடுவுல மார்ச் 31 வருது. இந்தத் தொகை இந்தப் பள்ளி ஜீப்புக்குன்னு டிரஸ்ட் தீர்மானப் புத்தகத்துல எழுதி, தனிக் கணக்குல வெச்சாத்தான் வேற வேலைக்கு ஓடாது.

#14 – ஏலமலை_டீச்சர்

ரெண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜீப் மஞ்சள் போர்டா என்று பாருங்கள். சொந்த உபயோக வண்டியில் வாடகைக்குப் பிள்ளைகளை ஏற்றினால் விபத்தில் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். 'ஆன் ஸ்கூல் டியூட்டி' பலகை, ஏற்றுகிற பிள்ளைகளின் பெயர், அப்பா அம்மா போன் நம்பர் எழுதிய பட்டியல் வண்டியில் இருக்க வேண்டும். 700 ரூபாய்க்கு 9 பேர் என்று பேசிவிட்டு 16 பேரை அடைக்கிற டிரைவர்தான் இந்தப் பக்கம் அதிகம். ஒப்பந்தத்தில் எண்ணிக்கையை எழுதுங்கள், பெற்றோர் ஒருவரைக் கண்காணிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பிள்ளைகளைப் போடிமெட்டுக்கு அழைத்து வந்து வரிசையில் நிறுத்திக் கைதட்டச் சொல்லாதீர்கள். பேனரில் முகம் போடாதீர்கள். இது சின்ன ஊர். பத்து வருடம் கழித்தும் 'நீ அந்த செருப்பு வாங்கின பொண்ணுதானே' என்பார்கள். படம் வேண்டுமென்றால் மழையில் ஜீப் நிற்கிற படம் எடுங்கள், காயப்போட்ட ரெயின்கோட் வரிசையை எடுங்கள்.

#15 – சும்மா_கேக்கறேன்

சரி டீச்சர், நானும் 250க்கு ஒருத்தன். ஆனா செருப்பும் ஸ்வெட்டரும் கொடுத்துட்டு அடுத்த வருஷம் ஜீப் காசுக்கு யார்கிட்டப் போவீங்க? ஒரு வருஷம் ஓட்டிட்டு நிறுத்தினா முன்னைவிட மோசமில்லையா?

#16 – வரவு_செலவு (தேனி)

அதனாலதான் இலக்கு 2,80,000 சேர்ந்ததும் ரெண்டு ஜீப் போடாதீங்க. ஒரு ஜீப் ரெண்டு வருஷத்துக்குன்னு வைங்க. தூரத்து லயத்துப் பிள்ளைங்களுக்கு மட்டும். பி.ஆர்.சி.யில பயணப்படி விண்ணப்பத்தை முதல் வருஷமே போட்டு வெச்சா ரெண்டாவது வருஷத்துக்குள்ள ஒரு முடிவு தெரிஞ்சிடும். அடுத்த ஏத்தம் வைக்கணுமா வேண்டாமான்னு அப்போ பார்த்துக்கலாம்.

#17 – முந்தல்_ஏத்தம்

சின்னமனூர் தம்பி, போலீஸ் அனுமதிக் கடிதத்துல இதையெல்லாம் எழுதுங்க: தேதி, நேரம், ஆள் எண்ணிக்கை, குழுவுக்கு 5 பேர், ரோடு மூட வேண்டியதில்லை, முன்வண்டி பின்வண்டி பதிவெண், பொறுப்பாளர் ரெண்டு பேர் நம்பர், 108 தகவல் கொடுத்த விவரம், முடிவிடம் செக்போஸ்ட்டுக்கு முன். எஸ்.பி. ஆபீஸ்ல கொடுத்து, நகலை போடி டி.எஸ்.பி. ஆபீஸ், குரங்கணி ஸ்டேஷன், வனத்துறை ரேஞ்சர் மூணு இடத்துலயும் சீல் வாங்குங்க. மூணு வாரம் முன்னாடி. பொங்கலுக்கு முன்னாடியே கொடுத்துடுங்க, பொங்கல் முடிஞ்சு போனா யாரும் சீட்ல இருக்க மாட்டாங்க.